மூன்றாவதாகப் பாடினவன்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எதைச் சொன்னாலும் அதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்பது என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் இளவயதில் எங்கள் ஊர்ப் புள்ளலூர் ஏரியில் பிடித்த விரால் மீன், தீபாவளிக்குத் தீபாவளி ஒரு சாண் வளர்ந்து, இப்போது கிட்டத்தட்ட என் உயரத்துக்கு வந்துவிட்டது. ஆனால் இந்தக் கதையில் கழிக்க எதுவும் கிடையாது. கொசு வருகிற இடத்தில் மட்டும் வேண்டுமானால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் நடந்தது. எனக்கே நடந்தது. அருள்தாஸ் இன்றைக்கும் சாலவாக்கத்தில் இருக்கிறான். சந்தேகம் இருந்தால் போய்க் கேளுங்கள். பகலில் போங்கள். இருட்டிய பிறகு அவன் இதைப் பற்றிப் பேச மாட்டான்.

1978, மே மாதம். எனக்கு இருபது வயது. கொஞ்சம் பாடுவேன். கொஞ்சம் என்று அடக்கத்துக்குச் சொல்கிறேன். நான் பாடினால் பம்புசெட் நின்றுவிடும். அந்த வருஷம் உத்திரமேரூர்ப் பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து கோடைக்கால சங்கீத முகாம் ஒன்று நடத்தினார்கள். வளருகிற பிள்ளைகள் ஒரு மாதம் ஒரே இடத்தில் தங்கி, மெட்ராஸிலிருந்து வரும் வித்துவான் கிருஷ்ணசாமியிடம் பாடம் கேட்கலாம். சாப்பாடு அவர்கள் பொறுப்பு. முக்கியமான விஷயம் கடைசியில் இருந்தது. முகாம் முடியும்போது வித்துவான் ஒரே ஒரு மாணவனைத் தேர்ந்தெடுத்து, மெட்ராஸில் தன் வீட்டோடு வைத்து மூன்று வருஷம் சொல்லிக்கொடுப்பார்.

என் நைனா தாண்டவராயன் பத்து ஏக்கர் வைத்து விவசாயம் பார்த்தவர். அவர் தெளிவாகச் சொல்லி அனுப்பினார்.

"ஒரு மாசம் போய்ப் பாடிட்டு வா. அந்த வித்துவான் உன்ன இட்டுக்கினு போனார்னா போ, நான் தடுக்கல. இல்லன்னு வச்சிக்க... ஜூன் மாசம் டெலிபோன் ஆபீஸ்ல போய் உக்காரு. உன் மாமன் சொல்லி வச்சிக்கீறான். அதுக்கப்பறம் இந்த வூட்டுல ஸரிகமன்னு சத்தம் வரக்கூடாது."

பாட்டா, டெலிபோனா. அவ்வளவுதான் என் வாழ்க்கை அந்த மாதம்.

முகாம் நடந்த இடம் காவாந்தண்டலத்துக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் தனியாக நின்ற ஒரு மாடி வீடு. நெல் வியாபாரி ஒருவர் ஆசையாகக் கட்டி, பால் காய்ச்சுவதற்கு முன்பே குடும்பத்தோடு மெட்ராஸுக்குப் போய்விட்டார். பல வருஷமாகப் பூட்டியே கிடந்ததாம். ஆனாலும் உள்ளே நுழைந்தால் நேற்றுத்தான் அடித்த மாதிரி சுண்ணாம்பு வாசனை. கரண்ட் கம்பி இருந்தது. கரண்ட் இருந்ததா என்று கேட்காதீர்கள்.

பன்னிரண்டு பேர் போனோம். வெயில் நான்கு பேரை விரட்டியது. கொசு மூன்று பேரை விரட்டியது. (ஒவ்வொன்றும் சிட்டுக்குருவி அளவு. இங்கேதான் குறைத்துக்கொள்ளலாம் என்றேன்.) இன்னும் இரண்டு பேரை சமையல்கார சிட்டம்மாளின் சாம்பார் விரட்டியது. இரண்டாவது வாரத்தில் நாங்கள் மூன்று பேர்தான் மிஞ்சினோம்.

ஒருவன் நான். இன்னொருவன் காஞ்சிபுரம் டவுனிலிருந்து வந்த வேதாசலம். அவனும் பாட்டு. குரலைக் காப்பாற்ற வேண்டும் என்று மே மாத வெயிலில் கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு திரிந்தவன். மூன்றாவது ஆள் அருள்தாஸ். சர்ச்சில் டோலக் வாசிக்கத் தொடங்கி மிருதங்கத்துக்கு வந்தவன். அவனுக்கு வேறொரு வித்துவானிடம் ஏற்கெனவே இடம் கிடைத்திருந்தது. எங்கள் போட்டியில் அவன் இல்லை. ஆக, போட்டி எனக்கும் மப்ளருக்கும்தான். பார்த்த நாளிலிருந்தே எனக்கு அவன் மேல் சந்தேகம். அவனுக்கும் என் மேல் சந்தேகம்.

வித்துவானுக்கு அறுபது வயதிருக்கும். தலையில் ஒரு முடி கிடையாது. இரண்டு கண்ணிலும் புரை. பாட்டில் அடிப்பாகம் மாதிரிக் கண்ணாடி போட்டிருந்தும் நாங்கள் அவருக்கு மூன்று கறுப்புப் புள்ளிகள்தான். ஆளைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்.

அவர் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. அதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விடிவதற்கு முன் எழுந்து கூடத்தில் சாதகம் செய்ய வேண்டும். விளக்கு கூடாது. ஆளுக்கு ஒரு சுவரைப் பார்த்து, ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார வேண்டும். முதலில் எழுந்தவன் தம்புராவை எடுத்துச் சுருதி போட வேண்டும். மற்றவர்கள் வந்து உட்கார்ந்து பாடிக்கொள்ள வேண்டும். சூரியன் வரும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. முடிந்ததும் பேசாமலே கிணற்றடிக்குப் போய்க் குளிக்க வேண்டும்.

"பேசினா பாட்டு ஓடிப்போயிடும்டா. பார்த்தாலும் ஓடிப்போயிடும்," என்பார்.

எங்களுக்கு அது பிடித்துப்போனது. நைனாவின் பழைய கைக்கடிகாரம் என்னிடம் இருந்தது, ரேடியம் முள் வைத்தது. நாலரைக்கு எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு போவேன். கூடத்தில் தம்புரா ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கும். போய் என் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாடுவேன். அந்த நேரத்தில் என் குரல் எங்கே வைத்தாலும் போய் உட்கார்ந்தது. பகலில் அதே குரல் கழுதையாகிவிடும்.

முதல் தப்பு எங்கே தொடங்கியது என்று கேட்டால், சுருதியில்.

நானும் வேதாசலமும் ஒரு கட்டைச் சுருதியில் பாடுகிறவர்கள். இரவு தம்புராவை ஒரு கட்டைக்குச் சேர்த்து, உறை போட்டு, மூலையில் சாய்த்துவிட்டுத்தான் படுப்போம். காலை ஒன்பது மணிப் பாடத்துக்கு எடுத்தால் இரண்டரைக் கட்டையில் இருந்தது. தந்தி தானாகத் தளரும். எல்லாத் தம்புராவும் தளரும். தானாக ஏறுகிற தம்புராவை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

ஒரு நாள் அல்ல. தினமும்.

'மப்ளர்தான்' என்று முடிவு செய்தேன். பகலில் நான் மேலே எட்டிப் பாடி என் தொண்டை கிழிய வேண்டும் என்று தந்தியை இறுக்கும் பிரடையை முறுக்கி வைக்கிறான். நேராகவே கேட்டேன்.

"ஏன்பா, ராத்திரில எய்ந்து தம்புராவ முறுக்கறியா?"

"நானா? நீதான் முறுக்கிட்டு என்னக் கேக்குற. இரண்டரைக் கட்டையில பாடுனா எனக்கும்தானேடா நரம்பு பொடைக்குது?"

"மப்ளர் கீதே, அது தாங்கும்."

அருள்தாஸ் நடுவில் புகுந்தான். "இன்னாபா இது காலங்காத்தால பேஜாரு. ரெண்டு பேரும் சேர்ந்து என் தூக்கத்த முறுக்கறீங்க. போய் நாஷ்டா துன்னுங்க."

அடுத்த நாள்தான் முடியைப் பார்த்தோம்.

தம்புராவில் தந்திக்கும் அது உட்காரும் பலகைக்கும் நடுவில் ஒரு சின்ன நூலைச் செருகுவார்கள். ஜீவா என்பார்கள். நூல் இல்லாவிட்டால் தந்தி 'டொங்' என்று செத்த சத்தம் போடும். நூல் சரியான இடத்தில் உட்கார்ந்தால்தான் தேனீக்கூட்டம் மாதிரி அந்த ரீங்காரம் எழும். நாங்கள் வெள்ளை நூல் செருகியிருந்தோம்.

அருள்தாஸ் குனிந்து பார்த்தான். "இன்னாபா... நூலு கறுப்பா கீது?"

பிடித்து இழுத்தான். வந்தது. வந்துகொண்டே இருந்தது. முழங்கை நீளம். முழு நீளமும் தலைமுடி.

நான்கு தந்தியிலும் நான்கு முடி.

மூன்று பேரும் ஒருவர் தலையை ஒருவர் பார்த்தோம். எனக்கும் அருள்தாசுக்கும் ஒட்ட வெட்டிய கிராப்பு. வேதாசலத்துக்கு அப்போதைய ஃபேஷன்படி காதை மூடின முடி. அதுவும் நான்கு விரற்கடைக்கு மேல் வராது. வித்துவானை விட்டுவிடுங்கள். மிச்சம் இருந்தது சிட்டம்மாள் ஒருத்திதான். சமையலறைக்குப் போய் மூன்று பேரும் வரிசையாக நின்று அவள் தலையைப் பார்த்தோம்.

"இன்னாங்கடா என் தலைய அப்படிப் பாக்கறீங்க?"

பளபள என்று மொட்டை. திருப்பதிக்குப் போய்வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"ஒண்ணுமில்லக்கா... முடி..." என்றேன்.

"சாம்பார்ல முடி வுயுந்துச்சின்னு மட்டும் சொல்லிடாதீங்க. அந்தப் பேச்சு வரக்கூடாதுன்னுதான் ஏழுமலையான்கிட்ட குட்த்துட்டு வந்துட்டேன்."

அருள்தாஸ் குரலைத் தணித்தான். "யக்கா, இந்த வூட்டுல யாருனா செத்துகித்துப் போயிக்கீறாங்களா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "வாய்ந்தாத்தானேடா சாவறதுக்கு? இந்த வூட்டுல அடுப்பே நான்தான் மொத மொத பத்தவச்சேன். பிறப்பும் கெடயாது, இறப்பும் கெடயாது. போங்கடா."

நியாயம்தான். வாழாத வீட்டில் பேய் எங்கிருந்து வரும்? ஆக, மனிதன் வேலை. ஆக, வேதாசலம் வேலை. அவன் வீட்டுப் பெண்களின் சீப்பிலிருந்து முடியைக் கொண்டுவந்து என்னைப் பயமுறுத்தப் பார்க்கிறான் என்று கணக்குப் போட்டேன். என் மூளை அப்போது நன்றாக வேலை செய்யும்.

தேர்வுக்கு இரண்டு இரவு முன்னால். நான் ஒரு காரியம் செய்தேன். எல்லோரும் தூங்கிய பிறகு தம்புராவை உறையோடு தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். என் பாயிலேயே கிடத்தினேன். அதன் கழுத்தை என் கையோடு துண்டால் கட்டிக்கொண்டேன். புது மாப்பிள்ளைகூட அப்படிக் கட்டிக்கொண்டு தூங்க மாட்டான். 'இனி எப்படித் தொடுகிறான் பார்க்கிறேன்' என்று கண்ணை மூடினேன்.

நாலரைக்கு விழிப்பு வந்தது. கீழே கூடத்தில் வழக்கம்போலத் தம்புரா ஒலித்துக்கொண்டிருந்தது. தூக்கக் கலக்கத்தில் துண்டை அவிழ்த்தேன். படியில் இறங்கினேன். என் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் வேதாசலம் பாடிக்கொண்டிருந்தான். அருள்தாஸ் தொடையில் மெல்லத் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். நானும் பாடினேன்.

நன்றாகத்தான் பாடினேன். கால் மணி நேரம்.

பாட்டுக்காரன் சுருதியைக் கவனிக்க மாட்டான். மூச்சு விடுகிற காற்றை யார் கவனிக்கிறார்கள்? அது இருக்கிறது, அதற்குள் நாம் இருக்கிறோம். அவ்வளவுதான். திடீரென்று என் மணிக்கட்டு அரித்தது. சொறிந்தேன். துண்டு கட்டியிருந்த தடம்.

துண்டு...

எதைக் கட்டியிருந்தேன்?

என் குரல் நின்றுபோனது. தம்புரா நிற்கவில்லை.

திரும்பிப் பார்க்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே படிவரை போனேன். மாடிக்கு ஏறினேன். பாயில் தம்புரா இருந்தது. உறையோடு. உறையின் நாடாவில் நான் போட்ட முடிச்சு அப்படியே.

கீழே... இன்னொன்று ஒலித்துக்கொண்டிருந்தது.

அந்த வீட்டில் தம்புரா ஒன்றுதான்.

விடிந்த பிறகுதான் கிணற்றடியில் பேசினோம். நேரே கேட்டேன். "டேய், இத்தன நாளா மொதல்ல எய்ந்து தம்புரா எடுக்கறது யாரு?"

"நீதானேடா," என்றான் வேதாசலம். "நான் வரச்சொல்ல வாசிச்சிக்கினு இருப்பியே."

"நான் எப்பவும் வந்து ஒக்காந்து பாடுறதோட சரி. அருளு, நீயா?"

அருள்தாஸ் வாளியைக் கீழே வைத்தான். "நான் ஒரு நாளும் எடுத்ததில்லபா. நீங்க ரெண்டு பேருல ஒருத்தருன்னு..."

பதினெட்டு நாளோ இருபது நாளோ. முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு வார்த்தை பேசாமல். ஒவ்வொருவனும் மற்றவன் என்று நினைத்துக்கொண்டு.

நடுவில் உட்கார்ந்திருந்தது யார்?

வித்துவானிடம் போய்ச் சொன்னோம். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "யாரும் போடாம சுருதி நிக்குதா? அதுக்குத்தான்டா நான் நாப்பது வருஷமா அலையறேன். உங்களுக்கு மூணு வாரத்துல வந்துடுச்சா? நாளைக்கு விடியக்காலை தேர்வு. வேலையைப் பாருங்க."

அன்று மூட்டையைக் கட்டியிருக்க வேண்டும். ஆனால் நைனா கண் முன்னால் வந்தார். டெலிபோன் ஆபீஸ் நாற்காலி கண் முன்னால் வந்தது. பேயா, டெலிபோனா என்று யோசித்துப் பார்த்தேன். தங்கிவிட்டேன். வேதாசலமும் போகவில்லை. அவன் போயிருந்தால் நான் போட்டியின்றி ஜெயித்திருப்பேன். அதற்காகவே அவன் போகவில்லை.

மறுநாள் நாலு மணிக்கு மூன்று பேரும் கையைக் கோத்துக்கொண்டு, லாந்தரோடு கூடத்துக்குள் நுழைந்தோம்.

அமைதி. தம்புரா உறையில், மூலையில்.

வித்துவான் பக்கத்து அறையில், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காதால் மட்டும் கேட்டு முடிவு சொல்வது அவர் வழக்கம். உள்ளிருந்து குரல் வந்தது. "கதவிடுக்குல வெளிச்சம் தெரியுதே. எவன்டா அது? அணை."

அணைத்தோம்.

எங்கள் ஏற்பாடு இதுதான். தம்புராவை அருள்தாஸ் கையில் பிடித்துக்கொள்வான். முடியும்வரை கீழே வைக்க மாட்டான். அவன் எடுத்தான். உறையைக் கழற்றினான். நூலைத் தடவிப் பார்த்தான். "நூலுதான்," என்று என் காதில் சொன்னான். ஒரு கட்டைக்குச் சேர்த்தான். எனக்கு உயிர் வந்தது.

வேதாசலம் முதலில் பாடினான். நன்றாகப் பாடினான், பாவி. பிறகு நான். எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் பாடினேன். என் வாழ்நாளில் அப்படிப் பாடினதில்லை. கடைசி ஸ்வரத்தில் போய் நின்றபோது கண்ணில் தண்ணீர் வந்தது.

முடித்தேன்.

வலது தோளில் ஒரு கை.

சூடான கை. வேர்த்திருந்தது. விரல் நுனியில் மிருதங்கக் காய்ப்பு. அருள்தாஸ்.

பாராட்டுகிறான் என்று நினைத்தேன்.

இடது தோளில் இன்னொரு கை. அதிலும் காய்ப்பு.

"ராஜாராமு..." காதருகில் அவன் மூச்சு. "எய்ந்துரு. மெதுவா எய்ந்துரு."

இரண்டு கையும் என் தோளில்.

தம்புரா ஒலித்துக்கொண்டிருந்தது...

சுருதி ஏறிக்கொண்டிருந்தது...

கிர்... கிர்... பிரடை திரும்பும் சத்தம்.

ஓடினோம்.

நானும் அருள்தாசும் கிணற்றடியில்தான் நின்றோம். வேதாசலத்தைக் காணவில்லை. வெகு நேரம் கழித்து வயல் பக்கத்திலிருந்து, மப்ளர் இல்லாமல், முழங்கால் வரை சேற்றோடு வந்தான். அருள்தாஸ் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என் கையிலேர்ந்து வாங்கிக்கிச்சுபா," என்றான்.

"யாருடா?"

"நீ பாடிக்கினு இருக்கச்சொல்ல. கை வலிக்கும், நான் புடிச்சிக்கறேன்ற மாரி மெதுவா வாங்கிக்கிச்சு. நான் வேதாசலம்னு நெனச்சி குட்த்துட்டேன். வெரல் பட்டுச்சி." உதட்டைக் கடித்தான். "ஜில்லுன்னு... மே மாசத்துல."

வேதாசலம் தலையை ஆட்டினான். "நான் சொவரோரம் ஒக்காந்த எடத்த வுட்டு அசையல."

வீட்டிலிருந்து தம்புரா சத்தம் மட்டும் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை. இதை நன்றாக நினைவில் வையுங்கள். நாங்கள் மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். தம்புரா மட்டும்தான்.

ஐந்தே முக்காலுக்கு அதுவும் நின்றது.

சூரியன் வந்தது. வித்துவான் சுவரைத் தடவிக்கொண்டே வாசலுக்கு வந்தார். கன்னமெல்லாம் ஈரம். அழுதிருக்கிறார். ஆனால் முகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

"மூணாவதா பாடினவன் எங்கேடா?"

எங்கள் மூன்று புள்ளிகளுக்கும் நடுவில் இன்னொன்றைத் தேடினார்.

"நீங்க ரெண்டு பேரும் பாடினீங்க, சரி. அதுக்கப்புறம் முக்கா மணி நேரம் பாடினானே, இரண்டரைக் கட்டையில? முன்னாடி ஓடிப்போனவங்கள்ல எவனோ திரும்பி வந்திருக்கான். எங்கேடா ஒளிச்சு வச்சிருந்தீங்க அந்தக் குரலை? இந்த வயசு வரைக்கும் அப்படி ஒண்ணு என் காதுல விழுந்ததில்லை. அவன்தான். முடிவு பண்ணிட்டேன். கதவு வழியாவே மெட்ராஸ் விலாசத்தையும் சொல்லிட்டேன். வர்றேன்னு சொல்லிட்டான்."

அவ்வளவுதான். என் மூன்று வருஷம் போயிற்று.

பஸ்ஸில் வரும்போதே யோசித்தேன். ஓடினபோது வேதாசலம் மட்டும் எங்களோடு இல்லை. அவ்வளவு நேரம் எங்கே போயிருந்தான்? பின்பக்கமாகத் திரும்பிப் போய், எங்களுக்குக் கேட்காதபடி குரலை மாற்றிப் பாடி, இடத்தைத் தட்டிக்கொண்டு, பிறகு சேற்றில் இறங்கி நடித்திருக்கிறான். தம்புரா, முடி, எல்லாம் அவன் நாடகம். இனி அவன் மெட்ராஸில் உட்கார்ந்து படிப்பான். எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. தெளிவானதும் பயம் போய்விட்டது. கோபம் வந்தது.

டெலிபோன் ஆபீஸில் சேர்ந்தேன். மூன்று வருஷம், இணைப்பு கேட்ட ஒவ்வொரு ஆளுக்கும் 'ஹலோ' சொல்லும் முன் மனதுக்குள் வேதாசலத்தை ஒருமுறை திட்டினேன்.

1981, ஜூலை. டிபார்ட்மெண்ட் டிரெயினிங்குக்காக மெட்ராஸில் ஒரு வாரம் இருந்தேன். அங்கேதான் தெரிந்தது, வித்துவான் காலமாகிவிட்டார் என்று. சைதாப்பேட்டையில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். துக்கம் கேட்கப் பாதி, மப்ளரை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்கப் பாதி.

வேதாசலம் வாசலிலேயே நின்றான். காஞ்சிபுரத்துப் பஸ் டிக்கெட் இன்னும் சட்டைப் பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

உள்ளே வித்துவானின் மகள் ராணியம்மாள் எங்களை உட்காரவைத்தார். "முகாம்ல படிச்ச பசங்களா? ரெண்டு பேர்ல யாருப்பா அப்பாகிட்ட வந்து பாடம் கேட்டுக்கிட்டிருந்தது?"

நான் வேதாசலத்தைக் காட்டினேன்.

அதே வினாடியில் அவன் என்னைக் காட்டினான்.

கையை இறக்காமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"நான் வரவே இல்லடா," என்றான் மெதுவாக. "சொசைட்டியில கணக்கு எழுதுறேன். நீதான் அன்னிக்கு யாரையோ கூட்டியாந்து ஏமாத்திட்டேன்னு..."

ராணியம்மாள் எங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். "தினமும் வந்ததேப்பா. மூணு வருஷம். விடியறதுக்கு முன்னாடி வரும், வெளிச்சம் வர்றதுக்குள்ள போயிடும். அப்பா லைட் போட விடமாட்டார். பக்கத்து ரூம்ல படுத்துக்கிட்டு நான் கேட்பேன். அப்பா ஒரு வரி பாடுவார். அப்புறம் கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது. அப்புறம் 'ஆஹா' என்பார். மறுபடி ஒரு வரி. அந்தப் பையன் பாடி ஒரு நாள்கூட என் காதுல விழுந்ததில்லை. எனக்குத்தான் காது மந்தமோன்னு நெனச்சேன்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு மேலெல்லாம் வேர்த்தது.

"அப்பா போன அப்புறமும் ஒருநாள் வந்ததுப்பா. நாலு நாள் முன்னாடி. இருட்டுல, கதவுக்கு வெளியே நின்னு கேட்டுச்சு. அன்னைக்குத்தான் குரலே கேட்டேன். 'இனிமே நான் யார்கிட்ட போறது?'ன்னுச்சு. பாவமா இருந்தது. அப்பா சாகறதுக்கு முன்னாடி உங்க ரெண்டு பேரையும் சொல்லிக்கிட்டே இருந்தார். ரெண்டும் நல்ல குரல், விட்டுட்டேனேன்னு. அதான்... அவங்கள்ல ஒருத்தர்கிட்ட போப்பான்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"யார்கிட்டங்க?" என்றான் வேதாசலம்.

"காஞ்சிபுரம்னா பெரிய ஊரு, எங்கேன்னு தேடும்? அதனால சின்ன ஊராப் பார்த்துச் சொன்னேன். புள்ளலூர், ராஜாராம்னு."

வேதாசலத்தின் முகத்தில் அப்போது வந்த நிம்மதி இருக்கிறதே... அதை மட்டும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அன்று சாயங்காலமே பஸ் பிடித்தேன். காஞ்சிபுரத்தில் இறங்கி, அடுத்த பஸ் மாறி, ஊருக்குள் நுழையும்போது இருட்டிவிட்டது. நைனா வாசலில் பம்புசெட் நட்டை மண்ணெண்ணெயில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா, வாரம் முடிஞ்சிதான் வருவேன்னே? நல்லதாப் போச்சு. உன் சிநேகிதன் காத்துக்கினு கீறான்."

"எந்த... எந்த சிநேகிதன் நைனா?"

"பாட்டுப் படிச்ச புள்ளபா. விடியக்கருக்கல்ல வாசல்ல வந்து நின்னுக்கினு, ராஜாராம் வூடு இதானான்னு கேட்டுச்சி. ஊருக்குப் போயிக்கீறான், உள்ள வந்து இருப்பான்னு சொன்னேன்."

"மொகத்தப் பாத்தியா?"

"இருட்டுல இன்னாத்த பாக்கறது?"

என் அறைக் கதவு சாத்தியிருந்தது. ஜன்னலும் சாத்தியிருந்தது.

"வெளிய வரவே இல்லியா?"

"இல்ல." நைனா நட்டைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். "நல்ல புள்ளபா. மூணு நாளா உள்ளதான் கீறான். சோறு தண்ணி கூட கேக்கல."